ஆரியசாலையில் ஒரு மூச்சுக் கணக்கு

தொல்காப்பியப் பிறப்பியலை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவர் அவர். எழுத்தொலிக்கு மூலமான காற்று உந்தியிலிருந்து எழுகிறது, நெஞ்சும் மிடறும் தலையும் அதன் பின்னரே என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்தும் விளக்கியிருக்கிறார். ஆயினும் அந்த நூற்பாவின் பொருள் அவருக்கு அறுபத்தோராம் வயதில், மார்பெலும்பைப் பிளந்து மீண்டும் கம்பியால் கட்டிய மூன்றாம் நாளில்தான் விளங்கிற்று. இயன்முறை மருத்துவரான இளம்பெண் அவருடைய வயிற்றின்மேல் கையை வைத்து, "நெஞ்சு வேண்ட அங்கிளே, இது பொங்கட்டே" என்றார். கை அசையவேயில்லை. தோள்கள் மட்டுமே ஏறி இறங்கின.

நாகர்கோவில் பக்கத்து ஊரொன்றில், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வில் விட்டுச்சென்ற தழும்புதான் நோயின் தொடக்கம். அது ஐம்பது ஆண்டுகள் பொறுமையாக இருந்து, பின்னர் படியேற விடாமல் செய்தது. மாற்றிப் பொருத்தப்பட்ட செயற்கை வால்வு, அவர் வாழும் திருவனந்தபுரத்திலேயே உருவான சித்ரா வால்வு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் பல தோல்விகளுக்குப் பின் வடிவமைத்து, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது அது. உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு. மூடும்போது மெல்லிய 'டிக்' ஒலி கேட்கும். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும்.

மார்பறுவைக்குப் பின் ஆழ்ந்து மூச்சிழுக்க வலி விடுவதில்லை. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சளி தேங்கும், அங்கே நிமோனியா குடியேறும். எனவேதான் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து முறை ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்கிறார்கள். மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியும் கொடுத்தார்கள். நொடிக்கு 600 கன சென்டிமீட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால் முதற்பந்தும், 900-க்கு இரண்டாவதும், 1200-க்கு மூன்றாவதும் எழும். இக்கருவி சாதாரண மூச்சுப் பயிற்சியைவிட மேலானது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை. ஆனாலும் பந்து எழுவதைப் பார்க்கும் மனிதனுக்கு அது ஒரு தேர்வு மதிப்பெண். முதற்பந்து எழுந்த நாளில் வார்டு முழுவதற்கும் அவர் அதை அறிவித்தார்.

வீடு ஆரியசாலையில்; கீழ்த்தளம் தம்பியின் மளிகைக் கடை. திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைவீதியை ஒட்டிய தெரு அது. காலையில் வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேல்மாடி வரை நெடி ஏறும். தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமக் கற்பித்திருந்தார்கள். அண்ணனுக்காக மிளகாய் மூட்டைகளைத் தம்பி பின்கட்டுக்கு மாற்றினார். வியாபாரத்துக்கு அது இடைஞ்சல்தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தவறு நேர்ந்தது மூன்றாம் வாரத்தில். மூச்சுக்குத் திருமூலரைவிடப் பெரிய ஆசிரியர் யார் என்று திருமந்திரத்தை எடுத்தார். பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, ரேசகம் 32. படித்தவருக்கே உரிய துணிச்சலோடு அதை அப்படியே செய்யத் தொடங்கி, கும்பகம் முப்பதைத் தாண்டுமுன் கண் இருண்டு கட்டிலில் சாய்ந்தார். மூச்சை இறுக்கிப் பிடிக்கையில் மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. தையல் ஆறாத இதயம் அதை ஈடுகட்டத் தடுமாறுகிறது. நூலில் பிழையில்லை; அது நோயாளிக்கு எழுதப்பட்டதன்று. பக்கத்திலுள்ள தைக்காட்டில்தான், ரெசிடென்சியில் அலுவல் பார்த்தபடியே சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் பயிற்றிய அய்யா சுவாமிகள் வாழ்ந்து 1909-இல் மறைந்தார். அத்தகைய ஒருவர் எதிரில் அமர்ந்து முகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டிய பாடத்தைப் பதிப்பிலிருந்து கற்க முனைந்ததுதான் பிழை. மறுபரிசோதனைக்குச் சென்றபோது அந்த இளம்பெண் கடிந்துகொண்டார்: "சுவாசம் பிடிச்சு வைக்கண்டா."

பிறகு அவர் கணக்கை மாற்றினார். கண்ணிமையும் கைந்நொடியும் மாத்திரைக்கு அளவு என்கிறது இலக்கணம். அவருக்கோ நெஞ்சுக்குள்ளேயே ஒரு கைந்நொடி ஒலித்துக்கொண்டிருந்தது. ஐந்து 'டிக்'குக்கு உள்ளே, ஏழு 'டிக்'குக்கு வெளியே, நடுவில் பிடித்தல் இல்லை. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஆறு மூச்சு. இந்த ஆறு என்ற எண்ணுக்கு வேறொரு வரலாறும் உண்டு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் ஜெபமாலையும் பௌத்த மந்திரமும் ஓதுவோரின் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்ததையும், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சை வினை அப்போது வலுப்பட்டதையும் காட்டினார்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் நோயற்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை அவர் வாழ்நாள் முழுதும் விழுங்கத்தான் வேண்டும். அதற்கு எந்த மூச்சும் மாற்றாகாது. மூச்சு தந்தது தூக்கத்தை. அடுத்த துடிப்பு வருமா என்று காது கொடுத்துக் கிடந்த இரவுகளில், அச்சுறுத்திய அதே ஒலி தாளமாயிற்று.

பந்துகளுக்குப் பிறகு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திருப்புகழ். சந்தம் நீண்ட அடிகளை முன்பெல்லாம் ஒரே மூச்சில் பாடுவார். இரண்டாம் மாதத்தில் ஓரடிக்கு நான்கு முறை மூச்சு தேவைப்பட்டது. மூன்றாம் மாதத்தில் இரண்டு.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் வழக்கம், குமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும் நிற்கவில்லை. குமாரசுவாமிக்குத் தங்குமிடம் ஆரியசாலைக் கோயில். ஊர்க்காரர் வந்திருக்கிறார், பார்க்காமல் இருப்பதா என்று தம்பியின் தோளைப் பிடித்து நடந்தே போனார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று ஒரு பாட்டைத் தொடங்கினார். மூன்றாம் அடியில், சீர் முடியாத இடத்தில், எந்த யாப்பும் ஒப்பாத ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். வகுப்பில் மாணவர் எவரேனும் அப்படி வெட்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்லியிருப்பார். அன்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.