எந்த ஊர்த் தேக்கு?

போன மாதம் கம்பம் போயிருந்தேன். மாமா வீட்டுத் திண்ணையில் இரண்டு சாக்கு மூட்டை. ஒன்றில் கையை விட்டுப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவில், மேலே மெத்தென்று தோல் மூடிய கொட்டைகள். தேக்கு விதை.

"ஒரு சாக்கு நிலம்பூரு. இன்னொண்ணு நம்ம கோம்பை அடிவாரத்துல சம்பந்தி தோட்டத்து மரம். எதைப் போடலாம்னு நீயே சொல்லு மாப்ள. ஊருக்கெல்லாம் எழுதுறீல்ல?"

மாமாவுக்கு 67 வயது. திராட்சைப் பந்தலைப் பிரித்துப் போட்ட ஒன்றரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. பேரன் கல்யாணத்துக்கு வெட்டலாம் என்று தேக்கு. பேரன் இப்போதுதான் தவழ்கிறான்!

என்னிடம் கேட்டதில் ஒரு உள்குத்து இருந்தது. 1998-ல் என் அப்பா வரப்பு ஓரமாக இருநூறு தேக்கு வைத்தார். வேனில் கொண்டுவந்து விற்றவர்கள் 'ஒரிஜினல் நிலம்பூர்' என்றார்கள். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. என்ன மரம், என்ன விலை, எத்தனை வருஷம்... இதைத்தானே நாம் கேட்போம்? விதை எந்த மண்ணில் விழுந்தது என்று யார் கேட்கிறார்கள்? முதல் ஏழெட்டு வருஷம் கண்ணு படும்படி வளர்ந்தன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மொத்தமாக ஏமாற்றியது. அடுத்த கோடையில் மரங்கள் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தன. கடைசியில் விறகு விலைக்குப் போயின. கிணற்றில் தண்ணீர் இருந்தபோதே பாய்ச்சவில்லையே என்று அப்பா சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டார். விதை ஒரு காரணமா, தண்ணீர் மட்டும்தான் காரணமா? இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கன்றுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நிலம்பூர் மேல் பழி போடவும் மனசு வரவில்லை. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியும், அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனனும் அங்கே வளர்த்த தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. 1970-களில் பல நாடுகளில் பல ஊர்த் தேக்கு விதைகளைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டுச் சோதித்தார்கள். நம் மேற்குக் கரையின் ஈரக்காட்டு விதைகள் பொதுவாக வேகமாகவும் நேராகவும் வளர்ந்தன. உள்நாட்டு வறண்ட காட்டு விதைகள் மெதுவாக, கோணல்மாணலாக வளர்ந்தன. பெயர் சும்மா வரவில்லை.

ஆனால் நிலம்பூரில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். தேனி மாவட்டத்துக்கு ஏறக்குறைய 800. குமுளி மலை ஏறினால் அந்தப் பக்கம் குடை பிடிக்க வேண்டும். ஜூலையில் இந்தப் பக்கம் நமக்குக் காற்றும் சாரலும்தான். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். மரம் எப்போது துளிர்க்க வேண்டும், எப்போது இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக அந்தந்த ஊர் மழையில் படித்த பாடம். அளவு மட்டுமில்லை, காலமும் கணக்கு.

"அப்ப கோம்பை விதைதான்" என்றார் மாமா.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கோம்பை மரம் படித்தது போன தலைமுறை வெயிலை. பேரன் கல்யாணம் 2050-க்குப் பக்கத்தில். அப்போது கம்பத்து வெயில் இப்படியா இருக்கும்? கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2018-ல் விதை விதியையே மாற்ற ஆரம்பித்தது. பக்கத்துக் காட்டு விதைதான் நல்லது என்ற பழைய கணக்கை விட்டு, வரப்போகும் வெப்பத்துக்கு ஏற்ற இடத்து விதையைத் தேடச் சொன்னது.

சரி, நமக்கு அப்படி ஒரு ஊர் எது? ராஜஸ்தானில் பான்ஸ்வாரா பக்கம் இயற்கையாகவே தேக்கு உண்டு. வெயில் தாங்கும். ஆனால் அதற்குத் தென்மேற்குப் பருவமழை மட்டும்தான் தெரியும். நம் ஐப்பசி மழை அதற்குப் புதுசு. மரமும் கோணலாக வந்தால் ஆசாரி வாங்க மாட்டார். வெயிலுக்கு ஆள் தேடினால் மழைக்காலம் இடிக்கிறது. கோயம்புத்தூரில் மர மரபியல் நிறுவனம் இருக்கிறது, நடுவதற்கு முன்னால் ஒரு நடை போய்க் கேட்டுவிடுவோம் என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொண்ணு குடுக்க நாலு ஊரு விசாரிக்கிறோம். ஒரே ஊர்ல எல்லாப் பொண்ணையும் குடுக்கிறதில்ல" என்றார். முக்கால்வாசி கோம்பை, வாய்க்கால் ஓரம் ரெண்டு வரிசை நிலம்பூர், கோயம்புத்தூர்க்காரர்கள் கைகாட்டுகிற வறண்ட ஊர் விதை ரெண்டு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் தகரத்தில் ஊர்ப் பெயர் எழுதி அடிப்பது, நோட்டில் குறித்துப் பேரனிடம் கொடுப்பது என்று முடிவானது. எனக்கு அந்த நோட்டுதான் ரொம்பப் பிடித்தது.

அன்று ராத்திரியே முளைக்கட்டும் வேலை ஆரம்பம். தேக்குக் கொட்டைக்கு ராத்திரி தண்ணீர், பகலில் வெயில் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் ஓடு இளகும். அப்படியும் பாதி முளைத்தால் பெரிய விஷயம். மறுநாள் மொட்டை மாடியில் இரண்டு சாக்கை விரித்துக் காயப்போட்டோம். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

மூன்று மணிக்குத் திடீரென்று தூறல். கீழே டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாடியில் அத்தை முறத்தோடு ஓடும் சத்தம் கேட்டது. மாமா டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, படியில் தடதடவென்று ஏறினார்.

"ஏய்... கலந்துறாத! அது வேற ஊரு, இது வேற ஊரு!"