கிளிப்பச்சை

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று தெரியும். சோளமும் கடலையும் விளைந்த காடுகளின் முகப்பில் ஒரு ஆர்ச். ஆர்ச்சின் இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை. உள்ளே கறுப்பு மாறாத தார் ரோடு, ஓரத்தில் மஞ்சளும் கறுப்பும் அடித்த கற்கள், நடுநடுவே வீடுகள். அப்படி ஒரு லேஅவுட்டில்தான் அப்பா 2016-ல் வீடு கட்டினார். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, அதுவும் இரண்டாகி, கடைசியில் இரண்டையும் விற்ற பணம் அது.

வெளிச்சுவருக்கு அவர் அடித்த நிறம் கிளிப்பச்சை. ஜன்னல் கிரில்லுக்கு மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ புது லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல இருக்கும். எனக்கு அது பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் ஏப்ரலில் சங்கத்தின் லெட்டர்பேடில் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு அம்சங்கள். வீட்டின் முன்பக்கம் ஐவரி அல்லது அடர் சாம்பல் நிறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். ரோட்டைப் பார்த்த பால்கனியில் கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது. போர்ட்டிகோவுக்கு மேலே தகர ஷீட் இறக்கக் கூடாது. ரோட்டோரத்தில் வடகம், மிளகாய் காயவைக்கக் கூடாது. முப்பது நாள் அவகாசம், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். இந்த நான்கும் எங்கள் வீட்டைப் பார்த்தே எழுதியவை என்று அம்மா உறுதியாக நம்பினார். வடகம் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா போனில் சொன்னது இதுதான்: "முப்பது வருசமா கவர்மெண்டு சொன்ன கலர அடிச்சேன் கண்ணு. இனி ஊட்டுக்கும் இவனுங்க சொல்ற கலரா?"

அவர் சொன்னதில் மிகை இல்லை. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-ஆம் விதி நேஷனல் பர்மிட் லாரிகளைப் பற்றியது. லாரியின் பாடிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு அடிக்க வேண்டும், ஓரத்தில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை விட வேண்டும் என்றது அந்த விதி. நாடு முழுக்க ஓடிய நாமக்கல் வண்டிகள் அந்தப் பழுப்பில்தான் ஓடின. பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டருக்குக் கைவேலை காட்டக் கிடைத்தது கேபினின் நெற்றியும் பின்கதவும் மட்டும்தான். சாமி பெயர், பிள்ளைகள் பெயர், இரண்டு மயில், ஒரு தாமரை. மீதி எல்லாம் விதிப்படி. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு பழுப்பு நிறத்தில்தான் வந்தது. சொந்த வீட்டுச் சுவர் முன்னால் நின்றபோது அவருக்கு எந்த நிறம் தோன்றியிருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

செயலாளரைப் பார்க்கப் போனேன். கோழித்தீவன வியாபாரம் செய்பவர், நல்ல மனிதர். பண்ணைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்காரன் மூக்கைப் பொத்திக்கொள்வான் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, நான் என்ன கெடுதலா சொல்றேன்? நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க இந்த ரோட்டுலதான வருவாங்க? பட்டற மாதிரி இருந்தா நல்லாவாங் இருக்கும்?"

அந்த லேஅவுட்டில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். லாரி, கோழி, போர்வண்டி, ஜவ்வரிசி மில், இவற்றிலிருந்து வந்த பணம்தான் அத்தனை வீடும். ஊரைப் பணக்கார ஊராக்கிய அந்தத் தொழில்களின் வாசனை, சத்தம், நிறம் எதுவும் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று அவர்களே நினைக்கிறார்கள். ஐவரி என்பது அவர்களுக்கு நிறமில்லை, தப்பித்துவிட்டோம் என்பதற்கான ரசீது. எனக்கு அந்த ஆசையைக் கேலி செய்ய முடியவில்லை. பெங்களூரில் நான் குடியிருக்கும் பதினான்கு மாடிக் கட்டடமும் ஐவரிதான்.

இருந்தாலும் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். கோடு எழுதுகிறவனுக்கு எதற்கும் முதலில் ஸ்பெசிஃபிகேஷன் வேண்டும். அடுக்குமாடி என்றால் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 1994-ல் வந்ததை மாற்றி 2022-ல் புதிதாக இயற்றினார்கள். நாங்கள் வாங்கியது மனை. சுவர் எங்களுடையது. சங்கம் 1975-ன் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. பஞ்சாயத்து கொடுத்த கட்டட அனுமதியில் நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் கிரயப் பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில், மனை வாங்குபவர் சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று இருந்தது. அப்பா அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் இந்த இடத்தில் சுவாரசியமானது. ஒரு சொத்தை முழு உரிமையோடு விற்றபின் அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அந்த நிபந்தனை இல்லாததுபோலவே வாங்கியவர் அனுபவிக்கலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. ஒரு விலக்கு உண்டு: விற்றவருக்குப் பக்கத்தில் வேறு நிலம் இருந்து, அதன் நல்ல அனுபவத்துக்காகப் போட்ட நிபந்தனை என்றால் அது வேறு கதை. இந்த யோசனை லண்டன் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்திலிருந்து வளர்ந்தது. 1808-ல் அதை விற்றவர், தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார். கைமாறிக் கைமாறி வாங்கிய ஒருவர் அங்கே கட்டடம் எழுப்ப நினைத்தார். நிபந்தனை தெரிந்தே வாங்கினாய், அதனால் அது உன்னையும் கட்டும் என்று 1848-ல் நீதிமன்றம் சொன்னது. எங்கள் லேஅவுட்காரர் கடைசி மனைவரை விற்றுவிட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. நான் வக்கீல் இல்லை. இருந்தாலும் 100 ரூபாய் அபராதத்துக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள் என்கிற அளவுக்குத் தைரியம் வந்தது.

காகிதம் இன்னொன்றையும் காட்டியது. லேஅவுட் அனுமதியின்போதே ரோடுகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுக்கப்பட்டவை. அப்படியானால் இரவு பத்து மணிக்குப் பூட்டும் அந்த கேட் நிற்பது பொதுச்சாலையில்.

அடர் சாம்பலைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மேமாதம் நாற்பது டிகிரி தொடும் ஊரில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் முகப்புச் சுவர்தான் வெயிலை வாங்குகிறது. புதுச் சுண்ணாம்போ வெள்ளையோ அடித்த சுவர் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அடர் சாம்பல் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, ராத்திரி நாம் படுத்தபின் படுக்கையறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நோட்டீஸ் தடைசெய்த தகர ஷீட்டை அப்பா இறக்கியதே இந்த வெயிலுக்குத்தான்.

உண்மையில் என்னை நிறுத்தியது ஒன்பதாவது அம்சம். முதல் முறை வாசித்தபோது கண்ணில் படாமல் போயிருந்தது: "வீட்டை வாடகைக்கு விடுமுன் குடிவருபவரின் விவரங்களைச் சங்கத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்."

விவரங்கள் என்றால் ஆதார் நகல் என்று நான் நினைத்தேன். எங்கள் மாடிப் போர்ஷனைப் பார்க்க ஒரு குடும்பம் வந்துபோன அன்று சாயந்திரம் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் கேட்டது வேறு: "எந்த ஊருங்க அக்கா? என்ன ஆளுங்க?" கொங்கு நாட்டில் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

சுவரின் நிறத்தையும் ஆளின் பிறப்பையும் ஒரே தாளில் எழுதுவது புதிதல்ல. அமெரிக்காவில் 1947-ல் கட்டத் தொடங்கிய லெவிட்டவுனில் வேலி போடக் கூடாது, சனி ஞாயிறில் துணி காயப்போடக் கூடாது. கறுப்பர்கள் குடியிருக்கவும் கூடாது. எல்லாம் ஒரே ஒப்பந்தத்தின் ஷரத்துகள். இப்படிப்பட்ட இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துணிக்கொடிக்கும் பிற்காலத்தில் நல்ல காலம் வந்தது. ஃபுளோரிடாவில் அதைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமோ 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், உறுப்பினர்களைத் தன் சமூகத்துக்குள் மட்டும் சேர்க்கும் பைலா செல்லும் என்றது. அருகிவரும் சிறு சமூகம் ஒன்றுசேர்ந்து வாழ நினைப்பது வேறு, ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் கேட் போடுவது வேறு என்றுதான் நான் நினைக்கிறேன். தீர்ப்பு அந்த வித்தியாசத்தில் நிற்கவில்லை.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். பூங்கா என்று வரைபடத்தில் இருக்கும் காலி இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினொரு அம்சங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. வடகம் மொட்டைமாடிக்குப் போனது. துணிக்கொடிக்குப் பெண்கள் எல்லோருமே ஒன்றாக எதிர்ப்புச் சொன்னதால் அது அப்படியே விடப்பட்டது. அடர் சாம்பலை யாரும் பேசாமலே கைவிட்டார்கள். அடித்திருந்த இரண்டு பேருக்கு கரண்ட் பில் ஏற்கெனவே புத்தி சொல்லியிருந்தது.

ஒன்பதாவதற்கு வந்தபோது நான் எழுந்து, ஒப்புதல் எந்த அடிப்படையில் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். பாதுகாப்பு என்றார் ஒருவர். போலீசுக்கு விவரம் கொடுக்கிறோம், உங்களுக்கு எதற்கு என்றேன். அப்புறம் கேட்டைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் நெடுஞ்சாலையில் போன லாரிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா அதுவரை பேசவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "கலர மாத்திக்கறேனுங்க. அது என்ற சுவரு, அடிச்சா போகுது. ஆளு யாருன்னு கேக்கறத எடுத்துருங்க."

செயலாளர் மினிட்ஸ் நோட்டில் ஏதோ எழுதினார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு என்று பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது. அந்த அடுத்த கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

ஆடிக்கு முன்பே முன்சுவருக்கு ஐவரி அடித்துவிட்டார் அப்பா. பக்கச்சுவர்களும் பின்சுவரும் கிளிப்பச்சையாகவே இருக்கின்றன. நோட்டீஸில் முன்பக்கம் என்றுதானே இருக்கிறது என்கிறார். மாடிக்கு அந்தக் குடும்பமே வந்துவிட்டது. அவர் போர்வண்டியில் டிரில்லர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். மனைவி ராசிபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறார். சங்கத்திடம் அப்பா எதையும் தெரிவிக்கவில்லை. ரோட்டைப் பார்த்த பால்கனியில் அவர்கள் வீட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்கின்றன.