நடக்கத் தெரிஞ்ச ரேஸ் இன்ஜின்!

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா, ஒரு மணி நேரத்துல கோவன்ட்ரி. இங்கிலாந்து டூர் போறவங்க லிஸ்ட்ல இந்த ஊர் பெரும்பாலும் இருக்காது. ஆனா, நீங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டா? அப்போ மறக்காம சேர்த்துக்குங்க பாஸ்! அங்கே எம்.எஸ்ஸி. படிக்கிற பெரியம்மா பையன் புண்ணியத்துல, ஒரு வாரம் சுத்திட்டு வந்தேன்.

முதல் நாளே எதிர்ல ஒரு இறுதி ஊர்வலம். தொப்பி போட்ட ஒருத்தர் முன்னாடி நடக்கிறார். அவர் பின்னாடி சவ வண்டி. அதுக்குப் பின்னாடி, குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஏறக்குறைய 19 அடி நீளத்துல ஒரு கறுப்பு கார். ஓரமா நின்ன எங்களை அது கடந்து போகவே ரொம்ப நேரம் ஆச்சு. சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை. "டெய்ம்லர் டி.எஸ்.420 லிமோசின்டா"னு காதுல கிசுகிசுத்தான் அண்ணன்.

1968-ல இருந்து 1992 வரைக்கும் தயாரான கார் அது. பிரிட்டன், டென்மார்க் அரச குடும்பங்கள் பயணம் செஞ்ச மாடல். கல்யாணத்துக்கும் அதான், கடைசிப் பயணத்துக்கும் அதான்!

அடுத்து, பழைய கதீட்ரலுக்குப் போங்க. 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு எரிச்ச கட்டடம். கூரையில்லாத சுவர்களை இன்னிக்கும் அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. அந்தப் போர்க் காலத்துல, பின்னாடி 'ஜாகுவார்' ஆன கம்பெனியோட தொழிற்சாலையில முதலாளி வில்லியம் லயன்ஸும், ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லினு மூணு இன்ஜினீயர்களும் ராத்திரி தீக்காவல் இருந்தாங்க. எங்கே குண்டு விழும்னு பார்த்துக்கிட்டே அவங்க பேசினது, போர் முடிஞ்சதும் செய்யப் போற இன்ஜினைப் பத்தி!

அதுதான் 1948-ல வெளிவந்த எக்ஸ்.கே. வரிசையா ஆறு சிலிண்டர், மேலே ரெண்டு கேம்ஷாஃப்ட். லு மான் 24 மணி நேர ரேஸ்ல 1951-ல இருந்து 1957-க்குள்ள 5 தடவை ஜெயிச்ச இன்ஜின். அதோட 4.2 லிட்டர் வடிவம்தான், எங்க முன்னாடி நடந்து போச்சு.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன வருஷம் எங்க டீம் ஒரு கோ-கார்ட் செஞ்சோம். டாப் ஸ்பீடு, டாப் ஸ்பீடுனே ஆறு மாசம் பேசினோம். போட்டியன்னிக்கு ஸ்டார்ட் லைனுக்குப் போற க்யூவுல, அங்குலம் அங்குலமா நகர்த்தும்போதே க்ளட்ச் கருகி நாறுச்சு. காத்துல குளிர வேண்டிய பைக் இன்ஜின். க்யூவுல காத்து ஏது? அங்கேயே படுத்துருச்சு. ரேஸையே பார்க்கலை நாங்க.

லிமோசின் எப்படித் தப்பிக்குது? பிஸ்டனோட ஸ்ட்ரோக் 106 மி.மீ., போர் 92 மி.மீ. ஸ்ட்ரோக் நீளம்கிறதால, குறைஞ்ச சுத்துலயே நல்ல டார்க் கிடைக்குது. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்ல டார்க் கன்வெர்ட்டரோட எண்ணெய்தான் சக்தியைக் கடத்துது. ஊர்ந்து போனாலும் கருக க்ளட்ச் இல்லை. எதிர்க்காத்து வராட்டியும் ஃபேன் ரேடியேட்டருக்குக் காத்து இழுத்துத் தருது. பாடியும் லேசுப்பட்ட வேலை இல்லை. தனி சேஸிஸ் கிடையாது. ஜாகுவார் 420ஜி-யோட தளத்தையே எடுத்து, நடுவுல 53 செ.மீ. சேர்த்து நீட்டியிருக்காங்க. எட்டு பேர் உட்காரலாம்.

கடைசி நாள் பிரவுன்ஸ் லேன் போனோம். கடைசி டி.எஸ்.420-ஐ அங்கேதான் செஞ்சாங்க. 2005-ல அங்கே கார் தயாரிப்பு நின்னுபோச்சு. இப்போ 'லயன்ஸ் பார்க்'னு ஒரு தொழில் வளாகம் இருக்கு. பார்க்க ஒண்ணும் இல்லைதான். இருந்தாலும் போய்ப் பாருங்க.

ஊருக்கு வந்ததும் டீம் பசங்களுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன்: "மச்சி, இந்த வருஷ கார்ட்டை முதல்ல நடக்க வைப்போம்டா!"