ஒரே பெயர்

ரூ லூயி-பிளாங்கில் தம்பி எடுத்த கடையின் வரைபடமும், அம்மா சொல்லச் சொல்ல நான் கீறிய கொக்குவில் வீட்டின் வரைபடமும் ஓட்டோகாட்டில் பக்கம்பக்கமாகத் திறந்திருக்கின்றன. ஷெல்லில் இடிந்த அந்த வீட்டின் இரட்டைக் கதவுதான் கடைக்கும் வேண்டுமாம்.

பிரதிசெய்து ஒட்டினால் பாரிஸ் கதவே வருகிறது. இரண்டு பிளொக்குக்கும் ‘கதவு’ என்றே பெயர். ஒரே பெயரென்றால், போய்ச் சேரும் வரைபடத்தில் ஏற்கெனவே இருப்பதுதான் நிற்கும், வந்தது மறைந்துவிடும். (எங்களுக்குத் தெரியாத விதியா!) ‘கொக்குவில்கதவு’ என்று பெயர் மாற்றிய பிறகே அது வந்தது. அங்கே அடி, இங்கே மில்லிமீற்றர். அலகுகளைக் குறித்து வைத்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும்.

நாலடி, 1219 மில்லிமீற்றர். கடை வாசலோ 900.

“அப்ப சுவரைக் கொஞ்சம் இடியன்” என்றார் அம்மா.