நர்தியாங் கற்களுக்கு ஒரு கேமரா

மேகாலயத்தின் ஜைந்தியா மலைப்பகுதியிலுள்ள நர்தியாங்கில் நெடுங்கற்கள் தோப்புப்போல் நிற்கின்றன. நிமிர்ந்து நிற்பவை ஆண் கற்கள். படுத்த பலகைக் கற்கள் பெண் கற்கள். மிக உயரமானது ஏறத்தாழ 8 மீட்டர். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் கல்லின் தலை குறுகிப் பின்னால் சரிந்துவிடும். கணினியில் நிமிர்த்தலாமே என்பார்கள். நிமிர்த்தும்போது இழுபட்டுக் கரைவது உச்சிப்பகுதியின் நுண்விவரம்தான்.

ஷில்லாங்கில் தொல்லியல் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் இதன்பொருட்டே, தாமதமாகச் சேர்ந்து வந்த மூன்று மாத உதவித்தொகையுடன் கொல்கத்தாவின் மெட்ரோ கலிக்குச் சென்றார். பின்பலகையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு லென்ஸை மட்டும் உயர்த்தக்கூடிய பெருவடிவக் கேமரா அவருக்கு வேண்டும். புதியது வாங்க வழியில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது ஆலப்புழையில் செய்யப்பட்ட வாகீசுவரி. தேக்குமரம், பித்தளைப் பூண். எத்தனை திருமணக் குழுப்படங்களைக் கண்டதோ! மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அது அரைத்தகடு அளவு. இன்று தாள்பிலிம் ஓரளவு எளிதாகக் கிடைப்பது 4×5 அங்குலத்தில். ஒவ்வொரு பயணத்திற்கும் முன்பு இருட்டில் அமர்ந்து பெரிய பிலிமை வெட்டிக்கொண்டிருக்க இயலுமா? அரை மனத்துடன் அதை மூடிவைத்தார்.

அடுத்தது 4×5 அளவில் மடக்கக்கூடிய மரக் கேமரா. கடையின் உள்ளறை விளக்கை அணைக்கச் சொல்லி, துருத்தியை முழுதும் நீட்டி, உள்ளே கைவிளக்கைச் செலுத்தினார். மடிப்பு மூலைகளில் இரண்டு ஊசிப்புள்ளிகள் மின்னின. அவற்றைக் கறுப்புத் துணிநாடாவால் அடைத்துவிடலாம்.

“லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை, திதி” என்றார் கடைக்காரர். உண்மைதான். எனினும் அது செய்திப்படக் கேமராவிலிருந்து கழற்றிய 127 மி.மீ. லென்ஸ். முன்பலகையை 25 மி.மீ. உயர்த்திவிட்டு, குவியக் கண்ணாடியின் வெட்டுண்ட மூலைகள் வழியே அவர் நோக்கினார். லென்ஸின் துளை வட்டமாகத் தெரியவேண்டிய இடத்தில் பூனைக்கண்போல் ஒடுங்கித் தெரிந்தது. மூலைகளுக்கு ஒளி எட்டவில்லை. 15 மீட்டர் தொலைவில் நின்று அந்த நெடுங்கல்லைப் படமெடுக்க ஏறத்தாழ அவ்வளவு உயர்வு வேண்டும். கேமரா உயர்ந்து என்ன பயன், லென்ஸ் உயர்வைத் தாங்காதபோது?

உடலை மட்டும் விலைபேசினார். கடைக்காரருக்கு வருத்தம். பக்கத்துக் கடையில் 150 மி.மீ. லென்ஸ் ஒன்று கிடைத்தது. விளிம்பில் மெல்லிய பூஞ்சை, ஒரு வினாடி வேகத்தில் ஷட்டர் திணறியது. மேகமூட்டத்தில் சிறுதுளை வைத்து எடுப்பவருக்கு மெதுவான வேகம் பழுதாயிருப்பது சிறு குறையன்று. ஆனால் திறந்தே நிறுத்தும் நிலை சரியாக இயங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து மூடியால் மறைத்துக்கொள்ளலாம். அந்தக் குறையைக் காட்டியே விலையைக் குறைத்தார்.

மிஞ்சிய பணத்திற்கு இரண்டு பிலிம் ஹோல்டர்களே வந்தன. ஒன்றுக்கு இரு தாள். ஆக ஒரு பயணத்திற்கு நான்கு படங்கள்.

நர்தியாங்கில் முதல் நாள், நண்பகலுக்குள் மூன்றை எடுத்தார். நான்காவதற்குக் கறுப்புத்துணியைத் தலைமேல் போர்த்தியபோது மழை பிடித்துக்கொண்டது. துணியைத் தன் தலையிலிருந்து உருவித் துருத்தியின்மேல் போட்டுவிட்டு, நனைந்தபடி நின்றார்.