அறுபத்தாறு வயதில் ஜாஸ்



"ரிட்டயர் ஆகி என்ன சார் பண்றீங்க?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். ஜாஸ் கேட்கிறேன். சிரிக்காமல் முழுவதும் படியுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், மைல்ஸ் டேவிஸ் என்ற டிரம்பெட் கலைஞர் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நாலு நாள் ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள் தொடையில் தாளம் போட்டு எண்ணிக்கொண்டே கேட்டேன். வழி தெரிந்தது.

அதில் முதல் உருப்படி 'ஸோ வாட்'. பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் கேள்வி கேட்கும். மற்றவை இரண்டே அடியில் பதில் சொல்லும். நாலு நாலு எண்ணிக்கையாக 32 ஆவர்த்தம். இதை நம் பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவராக அதே 32 ஆவர்த்தத்தைச் சுற்றிச் சுற்றி, அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார்கள். கடைசியில் பல்லவிக்குத் திரும்பி முடிப்பார்கள். மனோதர்மம்தானே இது!

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அதன் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். முதல் 16 ஆவர்த்தம் ஒரு சட்ஜத்தில் போகும். அடுத்த 8 ஆவர்த்தத்துக்குச் சட்ஜமே அரைச்சுரம் மேலே ஏறும். கடைசி 8இல் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். நம் நாயனக்காரர் ஒத்து பிடிக்கும் சுருதியை விட்டு நகர மாட்டார். அவர்கள் சுருதியையே நகர்த்திப் பார்க்கிறார்கள். வேறுபாடு தெரிந்த பிறகுதான் எனக்கு ருசி வந்தது.

கத்ரி கோபால்நாத்தை உங்களுக்குத் தெரியும். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் சாக்ஸபோன் வாசித்தவர். அவருடைய அப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்தார். இதற்கு நேர் எதிராக ஒருவர் இருந்தார். சார்லி மரியானோ, பாஸ்டன்காரர். அமெரிக்காவின் பெரிய ஜாஸ் குழுக்களில் சாக்ஸபோன் வாசித்தவர். 1960களில் மலேசிய வானொலி இசைக்குழுவில் வேலை செய்யப் போன இடத்தில் நாகஸ்வரத்தின் மேல் ஆசை கொண்டு, கற்றுக்கொண்டு, ஜாஸ் மேடையிலேயே வாசித்தார்.

பிள்ளைகளே, எங்கோ பாஸ்டனில் பிறந்தவர் தேடிக் கற்ற வாத்தியம், நம் சன்னதித் தெருவில் வாசிக்கும்போது யார் கேட்கிறோம்? மாசி மகத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது ராக ஆலாபனை தொடங்குகிறது. பக்கத்திலேயே ஒலிபெருக்கி அலறுகிறது. கூட்டம் சுவாமியைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. நாயனக்காரர் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். அவரைச் சொல்லி என்ன பயன்? கற்பனை வாசிப்பவரிடம் பாதி, கேட்பவரிடம் பாதி. இந்தப் பாதி போனால் அந்தப் பாதியும் போய்விடும். அவர் பிள்ளை வாத்தியத்தைத் தொடாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான்.

யாழைப் பழித்த மொழியாள் என்று அம்பாளுக்குப் பெயர் இருக்கும் ஊர் நம் ஊர். கேட்கத் தெரியாதவர்கள் நாம் இல்லை.

இது சாரின் வீட்டுப்பாடம். ஒன்று, 'ஸோ வாட்' மூன்று தடவை, எண்ணிக்கொண்டு கேளுங்கள். இரண்டு, அடுத்த மாசி மகத்துக்கு ஊருக்கு வருபவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு நாயனக்காரருக்கு எதிரே பத்து நிமிஷம் நில்லுங்கள். நன்றாக இருந்தால் "பலே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், ஆலாபனை எவ்வளவு நீளும் என்று.

அன்புடன்,
உங்கள் சார்,
வேதாரண்யம்