அழகாக இருக்கிறது, அளவாக இருக்கிறதா?



கையால் பின்னிய ஓர் ஆடையை யாரேனும் நம்மிடம் நீட்டினால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "மாஷா அல்லாஹ், எவ்வளவு அழகு!" என்கிறோம். சொல்லத் தகுந்த சொல்தான். அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் போட்ட ஆயிரக்கணக்கான கண்ணிகள் அதில் இருக்கின்றன. அந்த உழைப்பைப் பாராட்டாத மனம் மனமாகாது.

ஆனால், அதற்கு அடுத்து ஒரு கேள்வி உண்டு. யாருக்காக அது பின்னப்பட்டதோ அவருடைய உடம்பில் அது பொருந்துகிறதா? இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்டால் பின்னியவர் மனம் நோகும் என்று அஞ்சுகிறோம். விளைவு என்ன? உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். ஒரு முறைகூட அணியாத ஸ்வெட்டர், தலையில் நிற்காத தொப்பி, தோள்பட்டை நீண்டு தொங்கும் பின்னல் பை என்று பாச்சை உருண்டை வாசத்தோடு எத்தனை உறங்குகின்றன!

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், மலைக்காற்று எங்கள் அச்சன்புதூருக்கும் வந்துவிடும். குழந்தைகளின் குல்லாவும் கம்பளிச் சட்டையும் வெளியே வரும் காலம் அது. தெருவில் போகும் ஒவ்வொரு குழந்தையையும் நான் பின்னல்காரியின் கண்ணோடு பார்ப்பேன். குல்லா புருவத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். கைகளை இரண்டு மூன்று முறை மடித்து விட்டிருப்பார்கள். நூலின் நிறம், பூவின் வடிவம் எதிலும் குறை இருக்காது. அளவில்தான் குறை. அந்தக் குறைகளைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தொழுகைத் தொப்பி

குரோஷா ஊசி பிடித்த கை ஆசையோடு பின்னுவது தொழுகைத் தொப்பியை. நடுவில் சிறு வளையமாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டி வட்டமாக விரிக்கிறோம். பிறகு கூட்டுவதை நிறுத்தி நேராக இறக்குகிறோம். தொப்பியின் பொருத்தம் முழுவதும் அந்த ஓரிடத்தில், அதாவது எப்போது நிறுத்துகிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். வளர்ந்த ஆணின் தலைச்சுற்று 56 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். பின்னல் சற்று இழுத்துக் கொடுக்கும் என்பதால் தொப்பியின் சுற்று 54 இருந்தால் போதும். இதை 3.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 வரும். மேல்வட்டத்தின் குறுக்களவு 17 சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு வரிசைப் பூ வைத்தால் நன்றாக இருக்குமே" என்று 20 வரை விரித்தால், சுற்று 63 ஆகிவிடும். தொப்பி காதில் வந்து உட்காரும். 14இல் நிறுத்தினால் சுற்று 44தான். உச்சந்தலையில் மூடிபோல் ஒட்டிக்கொண்டு, ருகூவில் குனிந்தவுடன் முன்னால் விழும். தொழுகிறவர் கவனம் தொப்பியில் போகலாமா?

இன்னொன்று: வட்டத்தின் விளிம்பு பொரித்த அப்பளம்போல் அலையலையாக வளைந்தால், கண்ணிகள் அளவுக்கு மிஞ்சிக் கூடிவிட்டன என்று பொருள். கிண்ணம்போல் குழிந்தால் போதவில்லை என்று பொருள். அந்தச் சுற்றிலேயே பிரித்துவிடுங்கள். "துவைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். புடைப்பான மொட்டுகளை நெற்றி விளிம்பில் வைப்பதும் வேண்டாம். பார்வைக்கு அழகுதான், அரைமணி நேரம் அணிந்தால் நெற்றியில் தடம் பதியும்.

குழந்தையின் சட்டை

பிறந்த குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 34, 35 சென்டிமீட்டர். மூன்று மாதத்தில் அது 40ஐத் தொடும். ஒரு வயதில் 46 அளவில் நிற்கும். ஆகவே, பிரசவ வீட்டுக்கென்று பச்சைக்குழந்தை அளவில் பின்னும் குல்லா, நாற்பது நாள் முடிவதற்குள் இறுகிவிடும். அன்பளிப்பாகப் பின்னுகிறவர்கள் ஆறு மாத அளவில் பின்னுங்கள். அந்த ஆறாம் மாதம் சாரல் காலத்தில் வருகிறதா, சித்திரை வெயிலில் வருகிறதா என்பதையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

சட்டை மாட்டும்போது குழந்தை வீறிட்டு அழுகிறதா? பெரும்பாலும் கழுத்து வாய் குறுகியிருக்கும். கைக்குழந்தையின் தலை அதன் உடம்பைப் பார்க்கப் பெரியது. பெரியவர் சட்டையைச் சிறிதாக்கினால் குழந்தைச் சட்டை ஆகிவிடாது. முன்பக்கம் திறப்போ தோளில் திறப்போ வைத்துப் பொத்தான்களை நன்கு இறுக்கித் தையுங்கள். கழுத்தைச் சுற்றி ரிப்பனும் குஞ்சமும் கோத்துக் கட்டும் மாதிரிகளை நான் அழகென்று ஒப்புக்கொள்ளமாட்டேன். குழந்தையின் கழுத்தில் கயிறு எதற்கு? கையுறை, காலுறைகளின் உட்புறத்தில் தொங்கும் நூல்களையும் நறுக்கிவிட வேண்டும். பிஞ்சு விரலில் நூல் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குக் குல்லாவும் வேண்டாம். உடம்பின் சூடு தலை வழியாகவும் வெளியேற வேண்டும்.

நூலையும் பாருங்கள். கடையில் 'உல்லன்' என்று நாம் கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். அது வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகும். பருத்தி நூல் உடலுக்கு இதமானது. ஆனால் கனம் கூடியது, நனைந்தால் நீண்டு தொங்கும், சாரல் நாளில் எளிதில் உலராது. புத்தகங்களிலும் யூடியூப்பிலும் நாம் பார்க்கும் மாதிரிகளில் பல குளிர் நாட்டில் அந்நாட்டு உடம்புக்கும் ஆட்டுக் கம்பளிக்கும் வகுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்து அச்சன்புதூர் குழந்தைக்கு அணிவித்துவிட்டு, வேர்க்குரு வந்ததற்கு வெயிலைக் குறை சொல்வது நியாயமா?

வடிவம் உடம்பிலிருந்து பிறந்தது

கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் கைக்கு 'ராக்லன்' என்று பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த ஆங்கிலப் படைத்தலைவர் ராக்லன் பிரபுவின் பெயரால் அது வழங்குகிறது. அக்குளில் தாராளமாக இடம்விடும் அந்த வடிவம், ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு மிகப் பொருந்தும். தட்டையாக 'டீ' எழுத்துப்போல் பின்னி இணைக்கும் சட்டையோ அக்குளில் மூட்டையாகச் சேரும்.

நம் சமுதாயத்துக்கும் இக்கலையில் பங்கு உண்டு. உலகில் இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல்களுள் முஸ்லிம் ஆட்சிக்கால எகிப்தின் பருத்திக் காலுறைகளும் அடங்கும். நீலமும் வெள்ளையும் கலந்த அழகிய கோலங்களுக்கு நடுவிலும், குதிகாலுக்கென்று வளைவு கொடுத்துப் பின்னியிருக்கிறார்கள். ஸ்பெயினின் புர்கோஸ் நகரில், 1275இல் மறைந்த ஓர் இளவரசரின் கல்லறையிலிருந்து பட்டு நூல் தலையணை உறை கிடைத்தது. அதன் விளிம்பில் கூஃபி எழுத்தில் 'பரக்கத்' என்னும் சொல் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருக்கிறது. அங்குலத்துக்கு ஏறத்தாழ இருபது கண்ணிகள்! முஸ்லிம் கைவினைஞர்களின் வேலை அது. எண்ணிக்கையில் தவறாத கைகளுக்கே அது கூடும்.

மாதிரித் துண்டு

எண்ணிப் பின்னினால் மட்டும் அளவு வந்துவிடுமா? வராது. ஒருவர் கை இறுக்கம், மற்றவர் கை தளர்வு. மாதிரியில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று போட்டிருக்கும். 56 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 112 கண்ணிகள். உங்கள் கைக்கு 10 சென்டிமீட்டரில் 18 கண்ணிதான் வருமானால், அதே 112 கண்ணிகள் 62 சென்டிமீட்டராக விரியும். சட்டை ஆறு சென்டிமீட்டர் தொளதொளத்துவிடும். முதலில் ஒரு சாண் சதுரத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, உலர்த்தி, அதன் நடுவில் எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் செலவாகும். ஒரு மாத உழைப்பு மிஞ்சும்.

எலிசபெத் சிம்மர்மன் என்ற புகழ்பெற்ற பின்னல் ஆசிரியை ஓர் எளிய வழி சொல்லித் தந்தார். உடற்சுற்றுக்குரிய கண்ணிகளை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டுக்கு இருபது பங்கு போதும் என்றார். 112 கண்ணிச் சட்டைக்கு மணிக்கட்டில் 22 கண்ணிகள். இப்படிக் கணக்கிட்டால் மணிக்கட்டு வாய் தொளதொளக்காது.

2016இல் சென்னையில் பெண்கள் பலர் பின்னிய துண்டுகளை இணைத்து, 11,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குரோஷா போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். யார் உடம்புக்கும் பொருந்த வேண்டியதில்லாத போர்வைதான் அது. ஆயினும் குறித்த அளவில் பின்னாவிட்டால் ஒன்றோடொன்று இணையுமா?

பாராட்டு சோறு போடுமா?

எங்கள் ஊரில் ஒரு சகோதரி. வீட்டு வருமானம் பற்றாமல் தொப்பி பின்னி விற்க முனைந்தார். இரண்டு டஜன் தொப்பிகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். வாங்கிய கடைக்காரர் ஒரு வாரத்தில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். "தலைக்குத் தலை வேறுபடுகிறது, வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்கள்" என்பதே அவர் சொன்ன காரணம். அந்தச் சகோதரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு அழுதார்.

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்த பன்னிரண்டையும் அவர் முன்னாலேயே அளந்தேன். கண்ணிகளின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றே. சுற்றளவோ 52 முதல் 59 வரை இருந்தது. இடையில் நூற்கண்டு மாறியிருக்கிறது. சற்றே தடித்த நூல். களைத்த இரவுகளில் கையும் இறுகியிருக்கிறது. வேலையில் வேறெந்தக் குறையும் இல்லை. தொப்பிகளை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 54, 56, 58 என்று சீட்டுக் கட்டினோம். மிகச் சிறியவை சிறுவர்களுக்கு ஆயின. பன்னிரண்டும் விற்றுப்போயின. இப்போது அவர் 17 சென்டிமீட்டர் அட்டை வட்டம் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் வைத்துப் பார்த்துத்தான் கூட்டுவதை நிறுத்துகிறார்.

புகழ்ந்தவர்களில் ஒருவராவது முதல் தொப்பியிலேயே நாடாவை வைத்திருந்தால் அந்தக் கண்ணீர் தேவைப்பட்டிருக்குமா?

குறையை எப்படிச் சொல்வது?

தனியே சொல்லுங்கள், விருந்து வீட்டில் நாலு பேர் நடுவில் வேண்டாம். உடுப்பைப் பற்றிச் சொல்லுங்கள். உடம்பைப் பற்றி வேண்டாம். "உன் பிள்ளை குண்டு, அதனால்தான் இறுக்கம்" என்பது குறை கூறுவதன்றிப் புண்படுத்துவதாகும். "மணிக்கட்டுச் சுற்று மூன்று சென்டிமீட்டர் கூடுதல், மாமி, அங்கே ஆறு கண்ணி குறைத்தால் போதும்" என்று இடத்தையும் அளவையும் சொல்லுங்கள். மொட்டையாக "என்னமோ மாதிரி இருக்கிறது" என்றால் கேட்பவர் எதைத் திருத்துவார்? பூ வேலை நன்றாக இருந்தால் அதையும் மனம் திறந்து சொல்லுங்கள்.

கேட்கிறவர்களும் முகம் சுளிக்காதிருக்க வேண்டும். நம் பின்னலை ஒருவர் நாடா வைத்து அளக்கிறார் என்றால், அதை அணியத் தகுந்த பொருளாக மதிக்கிறார் என்றே பொருள்.

சகோதரிகளே! சாரல் காலம் வருமுன் பீரோவில் உறங்கும் பின்னல்களை எடுத்து உரியவர்களுக்கு அணிவித்துப் பாருங்கள். பொருந்தாததைப் பிரித்து, நூலை அலசிச் சுற்றி வையுங்கள். நல்ல நூல் இன்னொரு பிள்ளைக்கு உதவும். நாளை அடுத்த வீட்டுப் பெண் தான் பின்னியதைக் கொண்டு வந்து காட்டும்போது மாஷா அல்லாஹ் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்து வரச் சொல்லுங்கள்.